காட்டுப்பன்னிக்கு எந்த துப்பாக்கி நல்லதுன்னு கேக்குதவங்களுக்கு

களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை போட்டவங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டாம், குலை தள்ளுத நேரம் பாத்து பன்னிக்கூட்டம் எறங்கி, காலைல போய்ப் பாத்தா மரம் சாய்ஞ்சு, கிழங்கு தின்னு, வரப்பெல்லாம் கலப்பை ஓட்டுன மாதிரி கெடக்கும். அந்த வயித்தெரிச்சல்ல ஒரு துப்பாக்கி வாங்கிருவோம்னுதான் தோணும், எனக்கும் தோணிருக்கு.

ஆனா அண்ணாச்சி, பயிர்க் காவலுக்குன்னு துப்பாக்கி லைசென்ஸ் கையில இருந்தாலும் பன்னிய சுட அது அனுமதி கெடையாது. துப்பாக்கி ஆயுதச் சட்டத்துல வருது, பன்னி 1972 வனவிலங்கு சட்டத்துல வருது, ரெண்டும் வேற. 2025 ஜனவரில நம்ம தமிழ்நாடு அரசாங்கம் அறிவிச்சபடி காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, 1ல இருந்து 3 வரைக்கும் கூண்டு வச்சுப் பிடிச்சு காட்டுல விடணும், 3க்கு மேலதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான்.

அவங்ககிட்ட விடுதது ஏன் நல்லதுன்னா, ஒத்தையா திரியுத ஆம்பளப் பன்னிக்கு தோள்ல தோலுக்கடியில கெட்டியா கேடயம் மாதிரி ஒண்ணு இருக்கும், கொக்கு காடைக்கு போடுத ரவை அதுல எறங்காது. இதயமும் நாம நெனைக்கத விட தாழ்வா, முன்னங்கால ஒட்டி கெடக்கும். சரியா சுடணும்னா பன்னி பக்கவாட்டுல அசையாம நிக்கணும், தோட்டா தப்புனா பின்னாடி வீடு, ஆளு, மாடு எதுவும் இருக்கக்கூடாது. இருட்டுல ஒரு கையில டார்ச்சோட வரப்புல நிக்கவனுக்கு இதெல்லாம் எப்படி அமையும்? அடிபட்ட பன்னி புதருக்குள்ள படுத்துக்கிடும், விடிஞ்சதும் தண்ணி பாய்ச்சப் போறவன் தொடைய கிழிச்சிரும். அவுட்டுக்காய் (தீனிக்குள்ள வைக்குத நாட்டு வெடி), கரண்ட் கம்பி ரெண்டையும் கனவுலயும் நெனைக்காதீங்க, 230 வோல்ட்டுக்கு பன்னி எது, பக்கத்து தோட்டத்துப் புள்ள எதுன்னு தெரியாது.

எனக்கு கைகொடுத்தது சோலார் வேலிதான். அது விட்டு விட்டு அடிக்கும், சுருக்குன்னு வலிக்கும், ஆள கொல்லாது. காட்டோரம்னா வனத்துறைல பதிவு பண்ணிட்டுதான் போடணும். ஆளுங்க பண்ணுத தப்பு, மாட்டுக்கு கட்டுத மாதிரி இடுப்பு உயரத்துல கம்பி இழுக்கது. பன்னி மூக்க தரையோட வச்சு முட்டிகிட்டு வரும், அதனால மொத கம்பி தரைல இருந்து ஒரு சாண் தான் இருக்கணும், அடுத்தது அதுக்கு மேல ஒரு சாண். ஈர மூக்கு பட்டாத்தான் ஷாக் நல்லா ஏறும், முதுகு மயிர்ல பட்டா கண்டுக்காம உள்ள வந்துரும்.

போன ஐப்பசில நாலு நாள் விடாம மழை, நான் தோட்டத்துக்கு போகல, அருகம்புல்லு வளந்து கீழ்க்கம்பிய தொட்டு கரண்ட் பூரா மண்ணுக்குள்ள எறங்கிட்டு. அஞ்சாம் நாள் பாத்தா முப்பது மரம் காலி, பாக்ஸ்ல லைட்டு மட்டும் பச்சையா மினுக்கிகிட்டு இருக்கு. அன்னைலருந்து வாரம் ஒருக்கா வேலிக்கடில புல்லு செதுக்கிருதேன், டெஸ்டர் வச்சு கடைசி மூலைல பாக்கேன், கோடைல எர்த் கம்பி குழில ரெண்டு குடம் தண்ணி ஊத்துதேன்.

பழைய சேலை கட்டுதது, சலூன் முடி தூவுதது எல்லாம் பத்து நாளைக்கு கேக்கும், அப்புறம் பழகிரும். அறுப்புக்கு முந்தின வாரம் மட்டும்னா பண்ணுங்க, தப்பில்ல.

அப்படியும் அழிச்சிட்டுன்னா சாய்ஞ்ச மரத்த உடனே வெட்டி ஒதுக்கிராதீங்க. கால்தடம் தெரியுத மாதிரி போட்டோ எடுத்து, விஏஓவையும் வனத்துறை ஆளையும் கூப்பிட்டு காட்டி, பட்டா, அடங்கல் நகலோட நஷ்டஈட்டுக்கு மனு குடுத்துட்டு, அதுக்கப்புறம் தோட்டத்த சுத்தம் பண்ணுங்க.