அவசரகால நிலப் பாதுகாப்பு மானியம்: அமெரிக்க விவசாயிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 மார்ச் மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தில் மழையும் உருகிய பனியும் சேர்ந்து பெருவெள்ளமாகி, நயோப்ராரா ஆற்றின் ஸ்பென்சர் அணையையும் உடைத்துச் சென்றபோது, கரையோர வயல்களில் மணலும் பெரிய பனிக்கட்டிப் பாளங்களும் குவிந்தன. கால்நடை வேலிகள் அடித்துச் செல்லப்பட்டன. இவ்வாறு சிதைந்த நிலத்தைச் சீரமைக்கவே அமெரிக்க வேளாண் துறை அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மானியம் வழங்குகிறது. அத்துறையின் பண்ணைச் சேவை முகமைக்கு ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) உள்ள அலுவலகமும், உள்ளூர் விவசாயிகள் அடங்கிய கவுண்டிக் குழுவும் இதை நடத்துகின்றன.

விவசாயிக்கு அதிக இழப்பை உண்டாக்கும் தவறு, ஒப்புதல் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவதுதான். விதைப்புக் காலம் நெருங்கும்போது வயலில் மணல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் சேதத்தை அலுவலர் நேரில் பார்த்து உறுதிசெய்யவும், மண்ணைக் கிளறுவதால் ஈரநிலத்துக்கோ தொல்சின்னங்களுக்கோ கேடு வருமா என்று ஆராயவும் வேண்டியிருப்பதால், முன்கூட்டி அள்ளிய மணலுக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். பெரிய பேரிடர்களின்போது சில வேலைகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்படுவதுண்டு. அது தமக்கும் பொருந்தும் என்று தாமாகவே முடிவுசெய்யாமல், இயந்திரத்தை இறக்குமுன் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவதே நல்லது.

நிலச் சீரமைப்புக்கான இந்த மானியத்தை எல்லா இழப்புக்குமான இழப்பீடு என்று எண்ணி விண்ணப்பிப்பது அடுத்த தவறு. இறந்த மாடுகளுக்கும், அழிந்த பழமரங்களுக்கும், தனியார் காடுகளுக்கும் வேறு திட்டங்கள் உள்ளன. வீட்டுக்கோ, குதிரில் நனைந்த சோளத்துக்கோ இந்த மானியம் கிடையாது. வெள்ளத்துக்கு முன்பே சாய்ந்து கிடந்த வேலியையும் கணக்கில் சேர்க்க முடியாது.

பணக் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகின்றனர். மானியம் பொதுவாக 75 சதவீதம் வரை. புதிதாக விவசாயத்துக்கு வந்தோர், குறைந்த வசதியுள்ளோர் போன்றோருக்கு 90 சதவீதம் வரை. இந்த விகிதம் ஒப்பந்தக்காரர் தரும் ரசீதுக்கு அல்ல, அலுவலகம் ஏற்கும் செலவுக்கே பொருந்தும். உதாரணமாக, 20,000 டாலர் செலவழித்து வேலி போட்டாலும் 16,000 டாலர் மட்டுமே ஏற்கப்பட்டால், 75 சதவீதக் கணக்கில் கிடைப்பது 12,000 டாலர்தான். பழைய வேலியைவிட உயர்தரமாக அமைத்தால், கூடுதல் செலவு விவசாயியுடையது. பாதிக்கப்பட்ட நிலத்தின் வேளாண் சந்தை மதிப்பில் பாதிக்கு மேலும், ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு 5 லட்சம் டாலருக்கு மேலும் மானியம் தரப்படுவதில்லை. பெரும்பாலும் வேலை முடிந்த பின்னரே தொகை கைக்கு வரும் என்பதால், இடைக்காலக் கடனுக்கு முன்னதாகவே வழி பார்த்துவைக்க வேண்டும். ஒரு பகுதியை முன்பணமாகப் பெற 2018 வேளாண் சட்டம் வேலிக்கு மட்டும் இடமளித்தது; பின்னர் இந்த வசதி திட்டத்தின் மற்ற வேலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த முன்பணத்தை 60 நாளுக்குள் செலவிடாவிட்டால் திருப்பித் தர வேண்டும்.

சொந்த டிராக்டரும் சொந்த உழைப்பும் செலவாகக் கருதப்படலாம் என்பதை அறியாமல் சிலர் எதையும் குறித்துவைப்பதில்லை. எந்தத் தேதியில், எந்த வயலில், எத்தனை மணி நேரம், எந்த இயந்திரம் ஓடியது என்று அன்றன்றே எழுதி, சேதத்தின் படங்களோடும் ரசீதுகளோடும் சேர்த்து வைக்க வேண்டும். குத்தகை நிலமாக இருந்தால், செலவை ஏற்பவர் உரிமையாளரா குத்தகைதாரரா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே இருவரும் பேசி முடித்துக்கொள்வது நல்லது. ஒப்புதல் கடிதத்தில் உள்ள காலக்கெடுவுக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு எழுதிக் கேட்க வேண்டும்.