வயதான நாயைத் தத்தெடுக்கும் முன் செய்யும் தவறுகள்

“என்ன வயசு?” என்று கேட்டு, அந்த எண்ணை வைத்தே முடிவெடுப்பதுதான் முதல் தவறு. பத்து வயது பொமரேனியன் இன்னும் சில வருடம் ஓடியாடும். பேருருவ இனமான கிரேட் டேனுக்கு ஏழு வயதே கிழப்பருவம். அதுவும் காப்பகத்தில் சொல்லும் வயது பெரும்பாலும் பல்லைப் பார்த்துச் சொல்லும் உத்தேசக் கணக்கு.

வயதை விடுங்கள், படுத்திருக்கும் நாய் எழுவதைப் பாருங்கள். முன்காலை ஊன்றிவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கத் திணறுகிறதா? முதல் நாலைந்து அடி விறைப்பாக வைத்து, பிறகு சரியாகிறதா? மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். அதற்காகவே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர், 30 கிலோ லாப்ரடாரைத் தினம் இரண்டு வேளை யார் தூக்கி இறக்குவது என்று அப்போதே பேசிவிட வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் பின்னங்கால் விரிந்து விழும். நடக்கும் வழி நெடுக ரப்பர் மேட் போடுங்கள்.

கண்ணில் நீலம் பூத்திருந்தால் குருடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம். பல நாய்களுக்கு அது வயதானதால் லென்ஸ் இறுகுவதுதான். பார்வை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு பஞ்சு உருண்டையை முகத்துக்கு முன்னால் மேலிருந்து விடுங்கள். சத்தமில்லாமல் விழும் அதைக் கண் தொடர்ந்தால் பார்வை இருக்கிறது.

கண்ணைவிடத் தண்ணீர்க் கிண்ணம்தான் அதிகம் சொல்லும். ஒரு நாளில் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இரண்டையும் சோதிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்றும் ஸ்கேன் பார்க்க வேண்டும், அது உயிருக்கே ஆபத்து. கையெழுத்துப் போடும் முன்பே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்: கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), கல்லீரல், சர்க்கரை, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை). நம் ஊரில் தட்டணு குறைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலை. உண்ணி பரப்பும் ‘எர்லிக்கியா’ கிருமிதான் என்று உறுதியானால் வழக்கமாக 28 நாள் மாத்திரை. 

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறுகள் இரண்டு. முதல் நாளே சாப்பாட்டை மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் முழுவதுமாக மாற்றுங்கள். இன்னொன்று, நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கும் புரூஃபனை (மனிதர்களுக்கான வலி மாத்திரை) உடைத்துக் கொடுப்பது. அது நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்; நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது, மருத்துவர் எடை பார்த்து எழுதுவார்.