மவுஸைத் தொடாதவர்களுக்கு நாம் செய்யும் தவறுகள்

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவர் வடிவமைத்த படிவத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டு டேப் விசையை அழுத்தினேன். ஐந்து முறை அழுத்தியும் திரையில் எதுவும் மாறவில்லை. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்தால், பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே வரி: டேப் நிற்கும் இடத்தைக் காட்டும் கோட்டை நீக்கும் வரி. படங்களுக்கு மாற்று உரை கொடுப்பது போன்ற அணுகல் வசதிகளை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஃபோகஸ் வளையத்தை அழிப்பது

டேப் அழுத்தும்போது இணைப்பையோ பொத்தானையோ சுற்றி ஒரு கோடு தெரியும். அதுதான் ஃபோகஸ் வளையம், சிஎஸ்எஸ்ஸில் அவுட்லைன். கீபோர்டில் உலவுபவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அது ஒன்றுதான். "அழகைக் கெடுக்கிறது" என்று வடிவமைப்பாளர் சொன்னதும் அவுட்லைனை நீக்கிவிடுகிறோம். சிஎஸ்எஸ் நிபுணர் எரிக் மேயரின் புகழ்பெற்ற ரீசெட் கோப்பின் (உலாவிகளின் இயல்பான தோற்றங்களை நீக்கும் கோப்பு) 2008 பதிப்பில் அந்த வரி இருந்தது. ஃபோகஸுக்கு வேறு தோற்றம் கொடுக்க மறக்காதீர்கள் என்ற குறிப்பும் மேலேயே இருந்தது. வரியை எடுத்துக்கொண்டோம், குறிப்பை விட்டுவிட்டோம்.

அதன் விலையை நேரில் பார்த்தேன். கை நடுக்கம் உள்ள பெரியவர் ஒருவர் எங்கள் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருந்தேன். வளையம் இல்லாததால் டேப் அழுத்தங்களை எண்ணி மனப்பாடம் செய்திருந்தார். பதின்மூன்றாவது 'அழி', பதினான்காவது 'அனுப்பு'. உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார். முந்தைய நாள்தான் நாங்கள் ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தோம். பதினான்கில் என்டர் அழுத்தினார், நிரப்பியதெல்லாம் போயிற்று. "நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது, தம்பி" என்றார். அவர் சரியாகத்தான் எண்ணினார். அந்த வரியை இன்று யார் எழுதினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஃபோகஸ்-விசிபிள் என்ற சிஎஸ்எஸ் தேர்வியைப் பயன்படுத்தினால், மவுஸால் பொத்தானைச் சொடுக்கும்போது வளையம் வராது, டேப்பில் வரும்போது தெரியும். குரோம் 2020இலும், ஃபயர்பாக்ஸ் 2021இலும், சஃபாரி 2022இலும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. கோடு இரண்டு பிக்சல் தடிமனாக, பின்னணியோடு குறைந்தது 3:1 ஒளி வேறுபாட்டுடன் (கான்ட்ராஸ்ட்) இருக்கட்டும்.

டிவைப் பொத்தானாக்குவது

டிவ் என்பது உள்ளடக்கத்தை வைக்கும் வெறும் பெட்டிக் குறிச்சொல். டேப் அதைத் தாண்டிப் போய்விடும். டேப் எங்கே நிற்கும் என்று சொல்லும் டேப்இன்டெக்ஸ் பண்பைக் கொடுத்து நிற்கவைத்தாலும் என்டருக்கும் ஸ்பேஸுக்கும் நீங்களே நிரல் எழுத வேண்டும். பட்டன் குறிச்சொல்லில் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

டேப்இன்டெக்ஸில் 1, 2, 3

டேப் நிற்கும் வரிசையை மாற்றும் இந்த எண்கள் வேண்டாம். 0 (இயல்பான வரிசையில் நிற்க), -1 (டேப்பில் நிற்காமலிருக்க) இரண்டும் போதும்.

மேல்தோன்றும் பெட்டி

பெட்டி திறந்திருக்கும்போது ஃபோகஸ் பின்னால் உள்ள பக்கத்தில் அலையக் கூடாது. டயலாக் குறிச்சொல்லை ஷோமோடல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை கொண்டு திறந்தால் பின்பக்கம் செயலற்றுப்போகும், எஸ்கேப் விசையும் வேலை செய்யும். மூடிய பிறகு ஃபோகஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். பெட்டியைத் திறக்கப் பயன்பட்ட பொத்தானுக்கே திரும்ப வேண்டும்.

சஃபாரியில் சோதித்துவிட்டுக் குழம்புவது

மேக்கில் சஃபாரியின் இயல்பான அமைப்பில் டேப் இணைப்புகளில் நிற்காது. இதைப் பிழை என்று நினைத்து ஒருவர் ஒவ்வோர் இணைப்புக்கும் டேப்இன்டெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஆப்ஷன் விசையோடு டேப்பை அழுத்துங்கள், நிற்கும்.