புதுக் குளம் கட்டுமுன் யானை வழியைப் பாருங்கள்

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவன் நான். புதுக் குளத்துக்குப் படம் கீறுவதற்கு முன், தண்ணீர் ஏறப்போகும் எல்லையைக் கோடையில் நடந்து பாருங்கள். யானைத் தடம், லத்தி கண்ட இடமெல்லாம் குறியுங்கள். வழியை மறித்தால் அது வயலுக்குள்தான் இறங்கும். என் வேலி இரண்டு தரம் போனது அப்படித்தான்.

தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரையில் விடுதி, கடை எதுவும் வேண்டாம். வரட்சியில் யானைக்கும் பட்டி மாட்டுக்கும் புல் அங்கேதான்.

சரி, சனம் எங்கே போகும்? குளக்கட்டுப் பக்கம் நிழல் மரம், குளிக்கப் படி. தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கும் மிச்சத் தண்ணீர் வழியும் வானுக்கும் கிட்ட மட்டும் படி வைக்காதீர்கள், பிள்ளைகள் இறங்கும்.

மேட்டு நிலங்களை வெட்டாமல் தீவாக விடுங்கள். அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதை மக்கள் படகிலிருந்து பார்க்கிறார்கள். பட்ட மரங்களையும் விடுங்கள், நீர்க்காகம் இருக்கும்.