பைரோப்டோசிஸ் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைரோப்டோசிஸ் என்பது, தொற்றிய செல் தன் சவ்வில் துளை விழுந்து வெடித்துச் சாவது. சால்மோனெல்லா தொற்றிய எலி மேக்ரோஃபேஜ்களில் (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) எல்டிஹெச், அதாவது செல் சிதைந்தால் வெளியே வரும் நொதி, ஏறுகிறது, செல்லுக்குள் பாக்டீரியா எண்ணிக்கை இறங்குகிறது. உடனே "செல் இறந்து கிருமியை ஒழித்தது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒழித்தது நீங்கள் ஊற்றிய ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்காக இருக்கலாம். முழுசாக இருக்கும் செல்லுக்குள் அது எளிதில் நுழையாது. வெளியே உள்ள பாக்டீரியாவை மட்டும் கொல்ல அதை நம்புவதே அதனால்தான். கேஸ்டெர்மின் டி என்ற புரதம் செல் சவ்வில் துளை போட்டபின் அந்த நம்பிக்கை செல்லாது. மருந்து உள்ளே போகும். வெளியே கொட்டிய பாக்டீரியாவும் அதிலேயே சாகும். கேஸ்டெர்மின் டி இல்லாத செல்லோடு ஒப்பிட்டாலும் தீராது, அங்கே துளையே விழாதே. ஜென்டாமைசின் அளவு முதல் ஒரு மணி நேரம் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், பிறகு 10 என்பது வழக்கம். கூடவே வளர்ப்புத் தட்டின் சில கிணறுகளை (குழிகளை) ஜென்டாமைசின் இல்லாமல், நன்றாகக் கழுவி வையுங்கள். மேல்திரவம், செல்களை உடைத்த கரைசல் இரண்டையும் தட்டில் பரப்பி எண்ணுங்கள்.

பாக்டீரியா வளர்ந்த கட்டமும் முக்கியம். இரவு வளர்ப்பை நீர்த்து மூன்று மணி நேரம் மீண்டும் வளர்த்தால் ஃபிளாஜெல்லின் (பாக்டீரியாவின் வால் புரதம்) மிகும், அதை உணரும் என்எல்ஆர்சி4 என்ற செல் புரதத்தின் வழியாக ஓரிரு மணி நேரத்தில் சாவு. நிலைக்கட்ட (வளர்ச்சி நின்ற கட்டத்து) வளர்ப்பில் சாவு பல மணி நேரம் தாமதமாகும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது.

எல்டிஹெச் குறைவு என்றால் துளை இல்லை என்று பொருளல்ல. சுமார் 140 கிலோடால்டன் எடையுள்ள அந்த நொதி வெளியேற, சவ்வே கிழிய வேண்டும். அதற்கு நின்ஜ்1 புரதம் தேவை என்று 2021-இல் தெரியவந்தது. 17 கிலோடால்டன் எடையுள்ள அழற்சிப் புரதம் ஐஎல்-1 பீட்டாவோ துளை வழியே முன்பே கசிந்துவிடும். ஆகவே துளை விழுந்த செல்லுக்குள் நுழையும் புரோபிடியம் அயோடைடு சாயமும் போடுங்கள். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே எல்டிஹெச் உண்டு, வெறும் ஊடகத்தின் அளவைக் கழிக்க மறக்காதீர்கள்.

பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது கவனம்: ஆரம்பகாலக் காஸ்பேஸ்-1 (பைரோப்டோசிஸைத் தூண்டும் நொதி) நீக்க எலிகள் '129' என்ற எலி இனத்தின் கருச்செல்களிலிருந்து வந்தவை. அவற்றில் அதே வகை நொதியான காஸ்பேஸ்-11-உம் பழுது என்பது 2011-இல்தான் வெளிப்பட்டது. காஸ்பேஸ்-1-இன் கணக்கில் எழுதப்பட்ட சில விளைவுகள், குறிப்பாக எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வு நச்சு) கொடுத்த எலிகளின் சாவு, உண்மையில் காஸ்பேஸ்-11-இன் வேலை.

"காஸ்பேஸ்களைத் தடுத்துப் பார்ப்போம்" என்று இசட்விஏடி என்ற காஸ்பேஸ் தடுப்பானை மட்டும் சேர்ப்பதும் ஆபத்து. காஸ்பேஸ்-8 அடங்கினால் எல்பிஎஸ் தூண்டிய மேக்ரோஃபேஜ், சவ்வு கிழியும் வேறொரு வகைச் சாவான நெக்ரோப்டோசிஸில் சாகும், எல்டிஹெச் ஏறத்தான் செய்யும். நெக்ரோப்டோசிஸுக்குத் தேவையான ரிப்கே3 அல்லது எம்எல்கேஎல் புரதத்தை நீக்கிய செல்களைப் பக்கத்திலேயே வையுங்கள்.