லெப்பர்ட் கெக்கோவுக்குத் தொட்டி அமைப்பது எப்படி: ஒரு மூலையில் வெயில், மறு மூலையில் நிழல்

லெப்பர்ட் கெக்கோ வாங்குகிறவர்களில் பலர் பல்லியை முதலில் வாங்கிவிட்டு, அன்று மாலைதான் தொட்டி தேடிக் கிளம்புகிறார்கள். இந்த வரிசை தலைகீழ். தொட்டி ஒரு வாரமாவது காலியாக ஓடி, சூடு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பல்லி உள்ளே போக வேண்டும். ஆகவே தெர்மோஸ்டாட் (சூட்டை ஓரளவில் நிறுத்தும் கருவி) முதலில், பல்லி கடைசியில்.

இந்தப் பல்லியின் சொந்த மண் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அவற்றை ஒட்டிய ஈரான், வடமேற்கு இந்தியப் பகுதிகள். பாறை, காய்ந்த புல், முட்செடி, கெட்டியான மண் என்றிருக்கும் வறண்ட பூமி. பகலில் பாறை இடுக்கில் படுத்திருந்து, அந்தி சாய்ந்ததும் இரை தேட வெளியே வரும். முழுதாக வளர்ந்தால் வால் உட்பட 18 முதல் 25 செ.மீ. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். சுவர்ப் பல்லிக்கு இருக்கும் ஒட்டும் விரல்கள் இதற்கு இல்லை, அதனால் கண்ணாடியில் ஏற முடியாது. தொட்டி வாங்கும்போது இந்த ஒரு விஷயம் போதும்: உயரத்துக்குக் கொடுக்கும் காசு வீண், தரைப்பரப்பு பெரிதாக இருக்க வேண்டும்.

வாங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் லெப்பர்ட் கெக்கோவைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பது சட்டவிரோதம். இந்தியாவில் இருப்பவர்கள் வனத்துறையிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காட்டில் பிடித்த பல்லியை எந்த ஊரிலும் வாங்க வேண்டாம். அநேகமாக ஒட்டுண்ணியோடுதான் வரும், பயத்தில் சாப்பிடவும் செய்யாது.

படி 1: தொட்டி

90 செ.மீ நீளம், 45 செ.மீ அகலம், 45 செ.மீ உயரம். வளர்ந்த பல்லி ஒன்றுக்கு இந்த அளவு பொருத்தம். 60 செ.மீ தொட்டியிலும் உயிரோடு இருக்கும், ஆனால் அவ்வளவு குறுகிய நீளத்தில் ஒரு பக்கத்தைச் சூடாக்கினால் மறு பக்கமும் சூடாகிவிடும். நீளம் கேட்பதே அதற்காகத்தான்.

முன்பக்கம் கதவு திறக்கும் தொட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். மேலிருந்து இறங்கும் கையைப் பல்லி பருந்தாகத்தான் பார்க்கும். பழைய மீன் தொட்டியும் உதவும், கசிந்தாலும் கவலையில்லை. மேலே உலோக வலை மூடி போட்டு நான்கு பக்கமும் கிளிப் மாட்டுங்கள். பிளாஸ்டிக் வலை வேண்டாம், பல்புச் சூட்டில் உருகிவிடும்.

ஒரு தொட்டிக்கு ஒரு பல்லி. இரண்டு ஆண்கள் சேர்ந்தால் ரத்தம் வரும்வரை சண்டை போடும். இரண்டு பெண்கள் அமைதியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் ஒன்று தின்று கொழுக்க மற்றொன்று மூலையில் மெலிந்துபோகும்.

ஜன்னல் வெயில் நேரடியாக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் புகுந்தால் அரை மணி நேரத்தில் அது அடுப்பு.

படி 2: சூடு

அதிகம் தப்பு நடப்பது இந்தப் படியில்தான், அவசரப்படாமல் செய்யுங்கள். பல்லியால் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. வெயிலுக்கும் நிழலுக்கும் நடந்து நடந்துதான் அதைச் சரிசெய்துகொள்ளும். தின்றது செரிக்க வயிற்றுக்குச் சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் இரையைக் கக்கிவிடும், அல்லது சாப்பிடுவதையே நிறுத்திவிடும். எனவே தொட்டி முழுக்க ஒரே சூடாக இருக்கக் கூடாது. இடப்பக்கம் பாறை வெயில் என்றால் வலப்பக்கம் மரநிழல் மாதிரி இருக்க வேண்டும்.

எட்ட வேண்டிய அளவுகள்: பல்புக்கு நேர் கீழே கல்லின் மேற்பரப்பு 34 முதல் 36 டிகிரி செல்சியஸ். அந்தக் கல்லுக்கு அடியில் உள்ள பொந்து 30 முதல் 32. எதிர் மூலை 22 முதல் 25. இரவில் எல்லா விளக்கும் அணைந்து 20 டிகிரி வரை இறங்கினாலும் நல்லதுதான். அது வாழும் மண்ணிலும் இரவு குளிரும்.

இதற்குத் தேவையானவை: 50 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று, பீங்கான் ஹோல்டர் உள்ள விளக்குக் குவளை, டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட், டைமர். ஹோல்டர் பீங்கானாக இருப்பது முக்கியம், பிளாஸ்டிக் ஹோல்டர் சில மாதங்களில் கருகி இளகும். குவளையை வலை மூடியின் மேல், ஒரு ஓரமாக வையுங்கள். நேர் கீழே செங்கல் துண்டுகளை நிறுத்தி, அவற்றின் மேல் சொரசொரப்பான கடப்பாக்கல் பலகை ஒன்றை வையுங்கள். சமையலறை அலமாரிக்குப் போடும் அதே கல்தான், வெட்டி மிச்சமான துண்டு கல் கடையில் கிடைக்கும். அந்தக் கறுப்புக் கல் சூட்டை நன்றாக வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தியில் விளக்கு அணைந்த பிறகும் கல் வெதுவெதுப்பாக இருப்பதால், பல்லி வெளியே வந்து அதில் வயிற்றை அப்பிப் படுக்கும்.

கல்லைத் தொட்டித் தரையின் மேலேயே நிறுத்திவிட்டு, பிறகு மண்ணைக் கொட்டுங்கள். மண்ணின் மேல் கல்லை வைத்தால், பல்லி அடியில் தோண்டும்போது கல் சரிந்து அதையே நசுக்கிவிடும்.

ஹாலஜனுக்குப் பதில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு) பயன்படுத்துகிறவர்கள் மேட்டைத் தொட்டிக்கு வெளியே, அடிக்கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒட்டுங்கள். தொட்டியின் நான்கு மூலைக்கும் சிறு ரப்பர் கால் கொடுத்துத் தூக்கி வையுங்கள். அடியில் காற்று போகாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடலாம். மேட் இருந்தால் மேலே டைல்ஸ் அல்லது காகிதம் மட்டுமே. பத்து செ.மீ மண்ணைப் போட்டால் சூடு மேலே வராது, கீழே மட்டும் கொதிக்கும். பல்லி அந்த மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால் போய்ச் சேருவது சுடும் கண்ணாடியில்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் போடவே கூடாது. தெர்மோஸ்டாட்டின் ப்ரோபை, அதாவது சூட்டை உணரும் வயர் முனையை, மேட்டுக்கு நேர் மேலே, பல்லி படுக்கும் தரையிலேயே பதித்து, 32 டிகிரிக்கு வையுங்கள். ப்ரோப் விலகிக் குளிர்ந்த பக்கம் போய்விட்டால், 'இன்னும் சூடு ஏறவில்லை' என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். பல்லிகளின் வயிறு வெந்துபோகும் கதைகளில் பாதி இப்படித்தான். ப்ரோபை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். டேப் ஒரு நாள் பிரிந்து பல்லியின் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். மீன் தொட்டி சிலிக்கான் ஒரு பொட்டு வைத்து, வாடை போகும்வரை காயவிடுங்கள்.

மின்சாரம் செருகும் 'ஹீட் ராக்' கற்களை வாங்க வேண்டாம். ஓரிடம் வெதுவெதுப்பாகவும் ஓரிடம் சுடுவதாகவும் இருக்கும். வயிறு வேகிறது என்று பல்லிக்குத் தெரிவதற்குள் புண் ஆகிவிடும். இரவுக்கு என்று விற்கும் சிவப்பு பல்பும் தேவையில்லை, அந்த வெளிச்சம் பல்லிக்குத் தெரியும்.

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் சிக்கல் நேர்மாறு. மே மாதத்தில் அறையே 34 டிகிரி இருக்கும்போது தொட்டியில் குளிர்ந்த மூலை எங்கிருந்து வரும்? அந்த மாதங்களில் ஹாலஜனை அணைத்துவிட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரைமட்டத்தில் தொட்டியை வையுங்கள். குளிர்ந்த மூலை 30-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால் ஏ.சி இல்லாமல் சமாளிப்பது கடினம். வாங்குமுன் யோசிக்க வேண்டிய செலவு இது.

படி 3: அளப்பது

தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்டமான முள் மானிகள் அலங்காரத்துக்குத்தான். ப்ரோப் உள்ள டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்று வையுங்கள். கல்லின் மேற்பரப்பை அளக்க இன்ஃப்ராரெட் கன் (தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ மானி) வேண்டும். விளக்கைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கல்லை நோக்கிச் சுடுங்கள். 40 காட்டினால் டிம்மரைக் குறையுங்கள், அல்லது கல்லை இரண்டு செ.மீ இறக்குங்கள். 31-தான் காட்டினால் கல்லை உயர்த்துங்கள். காலை, மதியம், இரவு என மூன்று நாள் தொடர்ந்து எழுதி வைத்து, எண்கள் மாறாமல் நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

படி 4: தரை

குட்டிப் பல்லிக்கும் புதிதாக வந்த பல்லிக்கும் முதல் ஒரு மாதம் கிச்சன் டிஷ்யூ காகிதம் மட்டும். எச்சம் கெட்டியா, நீர்த்ததா என்று பார்க்க முடியும், அழுக்கானால் சுருட்டி எறிந்துவிடலாம். பிறகு, உரம் கலக்காத தோட்ட மண் ஏழு பங்கு, கழுவிக் காயவைத்த மணல் மூன்று பங்கு கலந்து, எட்டு செ.மீ உயரத்துக்குப் போட்டு, லேசாக நீர் தெளித்துக் கையால் அழுத்திக் காயவிடுங்கள். மேல் பரப்பு இறுகிவிடும்.

'கால்சியம் மணல்' என்று வண்ண வண்ணமாக விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். பல்லி நக்கி நக்கித் தின்னும், குடலில் கட்டிக்கொள்ளும். வெறும் மணலும் அப்படித்தான்.

படி 5: மூன்று பொந்துகள்

கல்லுக்கு அடியில் உள்ளது ஒன்று. குளிர்ந்த மூலையில் இன்னொன்று: உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினால் போதும். உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால்தான் பல்லிக்குப் பயம் போகும். ஒரே ஒரு பொந்து வைத்தால், ஒளிந்துகொள்வதா சூடேற்றிக்கொள்வதா என்று பல்லி திண்டாடும். பயம்தான் ஜெயிக்கும், செரிமானம் தோற்கும்.

மூன்றாவது ஈரப் பொந்து. பலர் விட்டுவிடுவது இதைத்தான். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில் ஐந்து செ.மீ துளை போட்டு, ஓரத்தைத் தேய்த்து, உள்ளே ஸ்பேக்னம் பாசியோ, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய தென்னை நார்த்தூளோ போடுங்கள். பிழிந்தால் சொட்டாத, தொட்டால் குளிரும் ஈரம். டப்பாவைத் தொட்டியின் நடுவில் வையுங்கள். தொட்டிக் காற்றில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும், இந்த டப்பாவுக்குள் மட்டும் 70-க்கு மேல்.

காரணம், தோல் உரிப்பு. உரிக்கும் முன் பல்லி வெளுத்து, சாம்பல் பூசியதுபோல் ஆகும். பிறகு மூக்கிலிருந்து தோலைக் கழற்றி அதையே தின்றுவிடும். காய்ந்த தொட்டியில் விரல் நுனியில் மட்டும் தோல் வளையமாக மாட்டிக்கொள்ளும். மோதிரம் இறுகியதுபோல் அது ரத்த ஓட்டத்தை நிறுத்த, விரல் கறுத்து விழுந்துவிடும். ஒவ்வொரு உரிப்புக்குப் பிறகும் விரல்களை எண்ணிப் பாருங்கள். தோல் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீர் நனைத்த துணியின் மேல் கால் மணி நேரம் நிற்கவிட்டு, காது குடையும் பட்ஸால் உருட்டி எடுங்கள். காய்ந்திருக்கும்போது இழுக்காதீர்கள்.

படி 6: வெளிச்சம், தண்ணீர், கால்சியம்

அந்தியில் நடமாடும் பல்லிக்கு யூ.வி.பி (புற ஊதாக் கதிர்) விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். இல்லாமலும் வளர்க்கலாம், அப்போது வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் பவுடர் கட்டாயம். விளக்கு போடுவதானால் 5 முதல் 7 சதவீத யூ.வி.பி தரும் டி5 (மெல்லிய டியூப் லைட் வகை) குழல், தொட்டி நீளத்தில் பாதி, சூடான பக்கம். கண்ணாடி மூடி யூ.வி.பி-யைத் தடுத்துவிடும், வலை மூடியும் ஓரளவு குறைக்கும். வெளிச்சம் தெரிகிறதே என்று விடாமல் ஆண்டுக்கு ஒருமுறை குழலை மாற்றுங்கள். பகல் 12 மணி நேரம், டைமரில்.

குளிர்ந்த பக்கம் தாழ்வான தண்ணீர்த் தட்டு, தினமும் புதுத் தண்ணீர். சோடா பாட்டில் மூடி ஒன்றில் டி3 இல்லாத கால்சியம் பவுடர், வேண்டும்போது வந்து நக்கிக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் எலும்பு ரப்பர்போல் வளையும், தாடை தொங்கும். கைகால் நடுங்க ஆரம்பித்தால் கால்நடை மருத்துவர்தான் வழி.

பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. தின்னாத சிள்வண்டுகளை அன்றிரவே எடுத்துவிடுங்கள், தூங்கும் பல்லியை அவை கடிக்கும்.

படி 7: பல்லி உள்ளே

ஏழு நாள் காலித் தொட்டி ஓடிய பிறகு பல்லியை விடுங்கள். முதல் வாரம் தண்ணீர், பூச்சி, சுத்தம் தவிரக் கையை உள்ளே விட வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் பதற வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்று விழுந்துவிடும். தொட்டியில் கை வைத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இந்தப் பல்லிகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும்.

இரண்டாவது வாரத்திலிருந்து அது எங்கே தூங்குகிறது என்று கவனியுங்கள். எந்நேரமும் குளிர்ந்த மண்சட்டியிலேயே கிடந்தால், கல் பொந்தை மறுபடி அளங்கள், 34-ஐத் தாண்டியிருக்கும். கல்லை விட்டு நகராமலே இருந்தால் அந்தப் பக்கத்தில் சூடு போதவில்லை. பகல் முழுக்க ஈர டப்பாவில் இருந்தால் தோல் உரிக்கப்போகிறது. மூன்றிலும் மாறி மாறிப் படுத்தால், டிம்மரைத் தொடாமல் விடுங்கள்.