ட்ரெய்லரில் ஆடும் தாங்கு கட்டை: நட்டை இறுக்கினால் மட்டும் போதாது

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டுபவர்களுக்கு மார்கழியில் கடலில் பெரிதாக வேலை இல்லை. படகு ட்ரெய்லரில் ஏறி முற்றத்தில் நிற்கும். படகின் அடியை ஏந்தி நிற்கும் அந்த இரண்டு நீளத் தாங்கு கட்டைகளைக் கவனிக்க இதுதான் நேரம்.

படகு மேலே இருக்கும்போது கட்டையை ஆட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று போய்விடாதீர்கள். பாரம் அழுத்திக்கொண்டிருப்பதால் கழன்ற கட்டையும் அசையாது. குனிந்து, கட்டையை ட்ரெய்லரோடு பிணைக்கும் இரும்புப் பிராக்கெட்டைப் பாருங்கள். வாஷருக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி, போல்டைச் சுற்றிச் செம்மண் நிறத் துரு, இரும்பு உரசிப் பளபளத்த இடம் - இதில் ஒன்று இருந்தாலும் கட்டை ஆடுகிறது என்று அர்த்தம்.

காரணம் மரம்தான். ட்ரெய்லரை நீரில் இறக்கும்போது கட்டை ஊறிப் பருக்கும், வாஷர் அதற்குள் பதியும். வெயிலில் காய்ந்து சுருங்கியதும் நட்டு தளர்ந்து நிற்கும். அப்புறம் குண்டும் குழியுமான ரோட்டில் இழுக்க இழுக்க, வட்டமாக இருந்த ஓட்டை நீள்வட்டமாகிவிடும். அந்த நிலையில் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு பயணத்துக்குத்தான் தாங்கும். டியூப் துண்டைச் செருகி ஒப்பேற்றுவதும் அப்படித்தான்.

1. பாரத்தை எடுங்கள்

படகை நீரில் விட்டுவிட்டு வெறும் ட்ரெய்லரில் வேலை செய்வதுதான் சுகம். உள்துறைமுகப் பக்கம் அமைதியான இடம் இருந்தால் நல்லது. வாடைக்காற்று வீசும் காலத்தில் திறந்த கரையில் இதை முயல வேண்டாம். வற்றுப்பெருக்கை நம்பியும் திட்டம் போடாதீர்கள். இங்கே நீர்மட்டம் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்காது.

தரையில்தான் செய்ய வேண்டுமென்றால், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அணியத்தில் (படகின் முன்பக்கம்) வின்ச் பட்டியும் சங்கிலியும் பூட்டியபடியே இருக்கட்டும். பின்பலகைக்குக் கீழே ஏராவை (படகின் அடியில் நடுவே ஓடும் முதுகெலும்பு) ஒட்டி ஜாக் வைத்து, கட்டைக்கும் படகுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி வரும்வரை தூக்குங்கள். உடனே தடித்த மரத்துண்டுகளை அடுக்கிப் பாரத்தை அவற்றின் மேல் இறக்குங்கள். ஜாக் மட்டும் தாங்கும் படகுக்கு அடியில் தலையை விடவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கக் கட்டையை மட்டும் கழற்றுங்கள்.

2. குத்திப் பாருங்கள்

கட்டையைச் சுற்றியிருக்கும் கார்ப்பெட்டைப் போல்ட் இருக்கும் இடத்தில் உரித்து, ஸ்குரூட்ரைவர் முனையால் மரத்தைக் குத்துங்கள். முனை மேலோடு நின்றால் மரம் நல்லது. புட்டு மாதிரிப் பொலபொலவென்று உள்ளே போனால் அந்தக் கட்டை முடிந்தது, புதிதுதான் போட வேண்டும். பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. அடையாளம் வைத்துக் கழற்றுங்கள்

ஒவ்வொரு பிராக்கெட்டும் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பெயின்டால் கோடு போட்டு, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டைத் திருப்பும்போது போல்டும் சேர்ந்து சுற்றினால் மல்லுக்கட்ட வேண்டாம். கிரைண்டரால் வெட்டி எறியுங்கள், எப்படியும் போல்ட் புதிதுதான் போடப்போகிறீர்கள்.

4. ஓட்டை, அல்லது புதுக் கட்டை

மரம் நல்லதாக இருந்து ஓட்டை மட்டும் பெருத்திருந்தால், அதை 20 மில்லிமீற்றருக்குத் துளைத்துப் பெரிதாக்கி நன்றாகக் காயவிடுங்கள். அடியை டேப்பால் அடைத்து, எபொக்சியில் மரத்தூள் கலந்து நிரப்புங்கள். ஒரு நாள் கழித்து நடுவில் 10 மில்லிமீற்றர் துளை போடுங்கள். இனி போல்ட் உரசுவது எபொக்சியோடு, மரத்துக்குள் நீர் போகாது.

புதிதாகப் போடுவதென்றால் மரக்காலையில் முதிரை அல்லது பாலையில் நாலுக்கு இரண்டு அங்குலக் கட்டை, நேரானதாகப் பார்த்து எடுங்கள். இரண்டும் கனமான மரம், உளுத்துப்போக நாளாகும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டையின் பின்முனை படகின் பின்பலகைக்கு நேர் கீழே வரை வர வேண்டும். எஞ்சின் பாரம் முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. கட்டை முன்னாலேயே முடிந்துவிட்டால் பைபரின் அடி காலப்போக்கில் வளையும், பிறகு படகு ஓட்டத்தில் பிழை காட்டும்.

துளைகளை முதலிலேயே போட்டுவிட்டு, துளையின் உட்புறத்துக்கும் இரண்டு முனைகளுக்கும் இரண்டு மூன்று தடவை பெயின்ட் அடியுங்கள். மரம் அதிகம் நீர் குடிப்பது முனைவழியாகத்தான்.

5. போல்ட்

ஹாட்வெயாரில் மினுமினுக்கும் மெல்லிய முலாம் போல்ட் மலிவு. உப்புநீரில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். மங்கலான சாம்பல் நிறத்தில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் ஹொட்டிப் கல்வனைஸ் (உருகிய நாகத்தில் தோய்த்தது) கேளுங்கள், அல்லது 316 ஸ்டெயின்லெஸ். ஸ்டெயின்லெஸ் என்றால் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் நட்டைப் போடாதீர்கள், பாதியில் இறுகி நின்றுவிடும். பெரிய வாஷரும் நைலோன் வளையம் உள்ள நட்டும் போடுங்கள். போல்டின் தலை மரத்தின் மேற்பரப்புக்கு அரை அங்குலம் கீழே பதிந்திருக்க வேண்டும். மேலே எட்டிப்பார்க்கும் தலை படகின் அடியைக் கீறிவிடும்.

6. கார்ப்பெட்

மேலேயும் பக்கங்களிலும் மட்டும் சுற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிளைப் பக்கத்தில் அடியுங்கள். நீர் வடிய அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். சாக்கு, பருத்தித் துணி வேண்டாம்.

7. கடைசி இறுக்கல்

இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். முதலில் வாஷர் மரத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் முறுக்கி, படகை மெதுவாக இறக்குங்கள். பிராக்கெட் தானே சரிந்து படகின் அடிக்கு ஏற்றபடி உட்காரும். அதன் பிறகு ஸ்பேனரால் முழுதாக இறுக்குங்கள். வாஷர் மரத்துக்குள் புதையத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

முதல் தடவை கடலில் நனைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, கட்டை காய்ந்ததும் எல்லா நட்டையும் திரும்பப் பாருங்கள். புதுமரம் ஒரு கால் சுற்றாவது இடம் கொடுத்திருக்கும்.